முதுகைப் பார்க்க ஓர் ஆள்

ஏறக்குறைய ஒரு வருடம் நான் என் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். இடது பக்கம், பாக்கெட்டுக்குக் கீழே, துணியை இரண்டு விரலால் கிள்ளி உடம்பில் படாமல் தூக்கிக்கொள்வேன். இன்னொரு கையில் பால் பாக்கெட்டோ காய்கறிப் பையோ இருக்கும். ஒத்தக்கடையில் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் இதைக் கவனித்துவிட்டார்.

“என்னண்ணே, சட்டையப் புடிச்சுக்கிட்டே திரியிறீங்க? எவனாச்சும் அவுத்துக்கிட்டுப் போயிருவான்னு பயமா?”

நான் சிரித்துவைத்தேன். துணி பட்டால் எரிகிறது என்று சொன்னால், ஏன் எரிகிறது என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது யாரிடமும் இல்லை.

நான் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். இளவயதில் மேலூர்ப் பக்கம் நான் ஏறாத கம்பம் கிடையாது. ஷாக் அடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் இடது விலாவில் அடித்ததும் அதேதான். முதுகில் கிளம்பி, அக்குளுக்குக் கீழே சுற்றிக்கொண்டு, மார்புக்கு வந்து நிற்கும். ஆனால் கரண்டில் ஒரு நியாயம் உண்டு. கம்பியை விட்டு விலகிவிட்டால் பிறகு அதற்கும் நமக்கும் பேச்சில்லை. இதில் எதை விட்டு விலகுவது? ஷாக் நின்றாலும் எரிச்சல் இருக்கும், மிளகாய் அரைத்த கையை வைத்துத் தேய்த்த மாதிரி. ஃபேன் காற்று பட்டால் எரியும். துண்டு உரசினால் எரியும். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தால்கூடத் தாங்கலாம், மெல்லத் தொட்டால் தாங்க முடியாது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சில நாள் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இது ஆரம்பித்தது என் மனைவி இறந்த பிறகு. அதுதான் வினையாகப் போனது.

அவள் ஒரு காலையில் தலை சுற்றுகிறது என்று சமையலறையிலேயே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். காரியம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு, ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் கொஞ்ச நாள் கூட இருந்தான். எங்களுக்கு அவன் ஒருவன்தான். கிளம்பும்போது, “அங்க வந்துருங்கப்பா. இங்க தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?” என்றான். “வாரேன், வாரேன்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். போகிற எண்ணம் எனக்கு இல்லை. இந்த வீடு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் போன பிறகு கடுகைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் ஆனது. ஆனால் அது அவள் வைத்த இடத்தில் இருந்தது. ஓசூரில் கடுகு மருமகள் வைத்த இடத்தில் இருக்கும். மருமகள் நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனைவி போன கொஞ்ச நாளிலேயே எனக்கு அக்கி வேறு வந்தது. இடது விலாவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். பனியனை ஏற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் தெரிந்தது, அதற்கு மேல் கழுத்து திரும்பவில்லை. டீக்கடைக்காரரிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

“அக்கிண்ணே இது. ஊசி கீசி போட்டுராதீங்க, உள்ள எறங்கிரும். போயி எழுதிருங்க.”

எங்கள் பக்கம் இதில் யாரும் இரண்டாவது யோசனை கேட்பதில்லை. அம்மைக்கு வேப்பிலை, அக்கிக்கு எழுத்து. மண்ணைக் குழைத்து வனைகிறவர்கள்தான் எழுத வேண்டும். பசுமலைக்கு அந்தப் பக்கம் மண்பொம்மை செய்யும் ஊருக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு வயதான அம்மா என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, காவிக்கல்லை உரைத்துக் குழைத்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு எழுதினார். சிங்கம் எழுதுவார்கள் என்று கேள்வி. என் முதுகில் என்ன எழுதினார் என்று நான் எங்கே கண்டேன்?

“முதுகுப் பக்கந்தான்யா சாஸ்தியா இருக்கு” என்றார்.

இறகு சில்லென்று இருந்தது. அவள் போன பிறகு என் முதுகைத் தொட்டது அந்தக் கோழி இறகுதான். அதை நினைத்தவுடன் கண் கலங்கிவிட்டது. எரிச்சல் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மா வாயால் ஊதிவிட்டார். சொன்னபடி மூன்று நாளும் போய் எழுதிக்கொண்டேன். வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது, எரிச்சலும் அடங்கின மாதிரி இருந்தது. அக்கி முடிந்தது என்று அதை மறந்தும் போனேன்.

சில வாரம் கழித்துத்தான் இந்த வலி வந்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. அக்கி தோலில் வந்தது, இது உள்ளே. அக்கியை எழுதி அனுப்பியாகிவிட்டது. வீட்டை விட்டுப் போனவர் மேல் யாராவது திருட்டுக் குற்றம் சொல்வார்களா?

இடது மார்பில் வலி என்றால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் கையைக் காட்டுவார்கள். கே.கே. நகரில் ஓர் இதய டாக்டரைப் பார்க்கப் போனேன். பைக்கில் போனால் காற்றில் சட்டை படபடத்து உயிர் போய்விடும், அதனால் பஸ். பஸ்ஸில் யார் முழங்கை எப்போது படும் என்று இடது பக்கத்தைச் சன்னலோரம் ஒதுக்கி, சீட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு போவேன். எக்கோ எடுத்த பெண் ஜெல்லைத் தடவிக் கருவியை விலாவின் மேல் ஓட்டியபோது என்னையறியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன். “அசையாதீங்க சார்” என்றாள், திரையைப் பார்த்தபடியே. டாக்டரும் திரையைத்தான் பார்த்தார். அதில் என் இதயம் எந்தக் குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

“வேற வியாதி எதுவும் இருக்கா?” என்று கேட்டார்.

“சுகர் இருக்கு சார்.”

“சமீபத்துல பெருசா எதுவும் வந்துச்சா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“எல்லாம் நார்மல்” என்றார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார். நார்மல் என்ற சொல்லை அந்த வருடத்தில் நான் வெறுத்த மாதிரி வேறு எதையும் வெறுக்கவில்லை. வயிற்று டாக்டர் வாயு என்றார், எலும்பு டாக்டர் கழுத்தில் தேய்மானம் என்றார். மாத்திரை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டப் பட்டை கொடுத்தார்கள். லைனில் கரண்ட் இல்லாத வீட்டில் பல்பை மாற்றிக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. கடைசியில் இதய டாக்டரிடமே திரும்பிப் போனேன். அவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் கூட யார் என்றார்; மனைவி இறந்துவிட்டாள், தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். மெதுவாகக் கேட்டார்.

“வீட்ல அம்மா தவறி எவ்வளவு நாளாச்சு?”

சொன்னேன்.

“மனசுதான் சார் காரணம். துக்கத்த உள்ளேயே வச்சுக்கிட்டா அது உடம்பு வழியாத்தான் பேசும். பையன் கூடப் போயி இருங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வலிக்கிறது என்று போனவனைப் பார்த்து, நீ அழு, சரியாகிவிடும் என்கிறார். வீட்டுக்கு வந்து மகனிடம் போனில் புலம்பினேன். அவன் டாக்டர் கட்சியில் சேர்ந்துகொண்டான்.

“நானும் அதத்தானப்பா அப்பலருந்து சொல்றேன். அம்மா போனதுலருந்து நீங்க நீங்களா இல்ல.”

கோபம் எத்தனை நாளைக்கு இருக்கும்? கோபப்படவும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். யானைமலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, வீட்டுக்குள் விளக்கைப் போடுகிற நேரத்துக்குத்தான் எனக்கு எரிச்சல் கூடும். முன்பெல்லாம் அது அவள் காப்பி கொண்டுவருகிற நேரம். கட்டிலிலும் அவள் படுத்தது என் இடது பக்கம். யோசித்துப் பார்த்தேன். இடது பக்கம், சாயங்காலம், அவள் போன பிறகு. டாக்டர் சொல்வது சரிதானோ? ஒரு நாள் எரிச்சல் கிளம்பியபோது, வாய் தவறி, “வந்துட்டியா?” என்று கேட்டுவிட்டேன்.

சொன்னதும் வெட்கமாக இருந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆனால் மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். பிறகு அது பழக்கமாகிவிட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, என்ன சமைத்தேன், கறிவேப்பிலை என்ன விலை விற்கிறது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது எல்லாம் சொல்வேன். வலி குறையவில்லை. எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் வீட்டில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று இருந்தது. கிறுக்குத்தனம் என்றால் கிறுக்குத்தனம்தான். தனியாக இருந்து பார்த்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

மகன் விடவில்லை. மனநல டாக்டர் ஒருவரிடம் அவனே நேரம் வாங்கிவிட்டான்.

“அந்த டாக்டரும் மனசுதான்னு சொல்லிட்டா, வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துரணும். சரியா?”

“சரி. உடம்புலதான் கோளாறுன்னு சொன்னா, ஓசூர்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது.”

“எடுக்கல.”

இப்படிப் பந்தயம் கட்டிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மனசு என்று சொன்னால் வீடு போய்விடும். உடம்பு என்று சொன்னால் வீடு தங்கும், ஆனால் சாயங்காலம் வருகிறவள் போய்விடுவாள். எதைச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? ஒன்றும் வேண்டிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்னப் பெண். என் மகனைவிட வயது குறைவாக இருக்கும். என் மனைவியைப் பற்றிக் கேட்டார். சொல்லக் கூடாது என்று நினைத்துப் போனவன், கடுகு டப்பா வரைக்கும் சொல்லிவிட்டேன். “வந்துட்டியா” மட்டும் சொல்லவில்லை. அவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டு, “சட்டைய ஏன் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“துணி பட்டா எரியுதும்மா.”

“எங்கெங்க எரியுதுன்னு விரலால காட்டுங்க.”

மார்பில் தொடங்கி, அக்குளுக்குக் கீழே போய், முதுகுக்குக் கொண்டுபோனேன். கை எட்டவில்லை. “இதுக்கு அங்கிட்டும் இருக்கு” என்றேன்.

“வலது பக்கம்?”

“அங்க ஒண்ணும் இல்ல.”

எழுந்து வந்து, “சட்டையக் கழட்டுங்க, முதுகப் பாக்கணும்” என்றார்.

“மனசுக்குத்தான் டாக்டர்னு சொன்னாங்க?”

“மனசுக்கு முன்னாடி உடம்பத்தான்யா நானும் படிச்சேன்.”

சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தேன்.

“முதுகுல இம்புட்டுத் தழும்பு இருக்கே, உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“வீட்ல யாரும்...” என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். பிறகு, “கோடு போட்டு வச்ச மாதிரி முதுகெலும்போட வந்து நின்னுருது. கொப்புளம் ஏதாச்சும் வந்துச்சா?” என்றார்.

“அக்கி வந்துச்சு. அத எழுதியாச்சும்மா.”

“எப்ப?”

“அவ போன புதுசுல.”

“அத்தன டாக்டரப் பாத்தீங்களே, ஒருத்தர்கிட்டயும் இதச் சொல்லலையா?”

“வியாதி எதுவும் வந்துச்சான்னுதானம்மா கேட்டாங்க? அக்கியையா போயி வியாதின்னு சொல்லுவாங்க?”

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “எங்க வீட்லயும் எழுதத்தான் செய்வாங்க” என்றார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். சின்ன வயதில் எனக்குப் போட்ட அம்மையின் கிருமி, அம்மை இறங்கிய பிறகும் போகவில்லை. முதுகெலும்பு ஓரம் நரம்பில் தூங்கிக்கொண்டே கிடந்திருக்கிறது. உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து எழுந்து, ஒரே ஒரு நரம்பு போகிற வழியெல்லாம் கொப்புளமாக வந்திருக்கிறது. அக்கிக்குப் பிறகு வரும் நரம்பு வலி என்று இதற்குப் பெயராம். கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் நரம்பு வெந்தது வெந்ததுதான்.

“இன்சுலேஷன் கருகிப்போன கேபிள்” என்றேன்.

“அதேதான்” என்றார்.

எனக்குக் கிடைத்துவிட்டது. பெயர், காரணம், வீடு எல்லாமே. எழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். நான் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டுவிட்டேன்.

“அப்ப, அவ போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்மா?”

“துக்கத்துல சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, தூங்கியிருக்க மாட்டீங்க. அதுல உடம்பு தளர்ந்திருக்கலாம். ஆனா அதனாலதான்னு என்னால சொல்ல முடியாதுய்யா” என்றார்.

நரம்பு டாக்டர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். அவரும் பார்த்துவிட்டு அதையே உறுதிசெய்தார். சாப்பிட ஒரு மாத்திரை, மரத்துப்போகத் தடவ ஒரு களிம்பு. பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அந்தக் கிருமி கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குள் இருந்திருக்கிறது. அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே அது என்னைப் பார்த்துவிட்டது. அவளுக்குப் பிறகும் இருக்கிறது. அதனோடுதான் நான் கறிவேப்பிலை விலையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேனா?

மாத்திரை உடனே கேட்கவில்லை. வாய் உலர்ந்தது, பகலில் தூக்கம் தள்ளியது. சில வாரம் போன பிறகு ஒரு சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மார்பில் எரிச்சல் வரவில்லை. விலாவிலும் வரவில்லை. முதுகின் நடுவில், களிம்பு எட்டாத இடத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வலி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டிய மனிதன் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவள் செத்த அன்று ஊரே கூடி அழுதது. இந்த முறை அவள் போனதற்கு அழ நான் ஒருவன்தான் இருந்தேன்.

இதற்கிடையில் மகன் வேறு வம்புக்கு வந்தான். மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்கி இணையத்தில் தேடியிருக்கிறான்.

“அப்பா, அது டிப்ரஷனுக்குக் குடுக்குற மாத்திரையாம்ல? அப்ப மனசுதான? என்கிட்ட மறைக்கிறீங்களா?”

“நரம்பு வலிக்கும் அதையே கொஞ்சமாக் குடுப்பாங்களாம்டா. டாக்டரே சொல்லிட்டாரு. முதுகுல தழும்பு இருக்குங்கிறேன்.”

“சரி, அதப் போட்டோ எடுத்து அனுப்புங்க.”

“என் முதுக நானே எப்படிடா போட்டோ எடுப்பேன்?”

எடுத்தும் பார்த்தேன். ஒரு படத்தில் ஃபேன் இருந்தது, இன்னொன்றில் என் காது இருந்தது. களிம்பு கதையும் அதுதான். தோசைத் திருப்பியில் களிம்பைத் தடவி, தோளுக்கு மேலே விட்டுப் பார்த்தேன், இடுப்புப் பக்கமாக விட்டும் பார்த்தேன். எங்கே வேண்டுமோ அந்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் மரத்துப்போனது. கோபத்தில் மகனுக்குப் போன் போட்டு, “நம்பிக்கை இல்லேன்னா நேர்ல வந்து பாரு” என்று கத்திவிட்டு வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் பிடித்து வந்து நின்றான். குளித்துவிட்டு வந்தவன் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

“காட்டுங்க.”

சட்டையைக் கழற்றிச் சன்னல் வெளிச்சத்துக்கு முதுகைத் திருப்பி நின்றேன். அவன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

“ஏன்ப்பா இத அப்பவே எங்கிட்ட சொல்லல?”

“எனக்கே தெரியாதேடா. உங்கம்மா இருந்தா பாத்துச் சொல்லியிருப்பா.”

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த களிம்பை எடுத்து, விரலில் பிதுக்கி, எனக்கு இத்தனை நாளும் எட்டாத இடத்தில் வைத்தான். தோசைத் திருப்பி இல்லை, கோழி இறகு இல்லை, ஒரு மனிதனின் விரல். பட்டவுடன் உயிர் போகிற மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்தும் முனகல் வெளியே வந்துவிட்டது. அவன் சட்டென்று கையை எடுத்தான்.

“வலிக்குதாப்பா?”

“வலிக்குதுடா. ரொம்ப வலிக்குது. கைய எடுக்காத, போடு.”